நம்ம என்றொரு காவல்சொல்

ஒரே ஒரு விஷயத்தை முடிவு செய்ய ஏழு பேர் மூன்று வருடம் சண்டை போட்டோம். கல்யாணப் பத்திரிகையில் எந்தப் பெரியப்பா பெயர் முதலில் வருவது என்று நடக்கிற சண்டையெல்லாம் இதற்கு முன்னால் தூசு. சண்டை நடந்த இடம் திருச்சி கண்டோன்மென்ட்டில் ஒரு பேக்கரிக்கு மேலே உள்ள அறை. சண்டை போட்டவர்கள் இழை மொழிக் குழுவினர். அதில் நானும் ஒருவன். பெயர் கோமதிநாயகம், சொந்த ஊர் அம்பாசமுத்திரம். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று குழுவில் மற்ற ஆறு பேரும் சொல்வார்கள். ஆறு பேர் சொன்னால் உண்மையாகிவிடுமா என்ன.

இழை என்பது கணினிக்கு நிரல் எழுதும் மொழி. இன்றைக்குத் தமிழ்நாட்டில் பாதி வீடுகள் அதில்தான் ஓடுகின்றன. கதவைத் திறப்பது, மருந்து அலமாரியைப் பூட்டுவது, தொட்டியில் தண்ணீர் பார்ப்பது, வீட்டில் யாருக்காவது ரத்த அழுத்தம் ஏறினால் சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்வது என்று எல்லாவற்றையும் வீடே பார்த்துக்கொள்கிறது. வீட்டுக்குத் தெரிந்த இப்படி ஒவ்வொரு சங்கதிக்கும் பண்பு என்று பெயர். அந்தப் பண்பை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்பதற்கு அதன் முன்னால் ஒரு சொல் போடுவோம். ஊரெல்லாம் ஆக்சஸ் மாடிஃபயர் என்கிறார்கள், நாங்கள் காவல்சொல் என்று பெயர் வைத்துக்கொண்டோம். இழையில் இருந்த காவல்சொற்கள் இரண்டே இரண்டுதான். பொது, தனி.

பொது என்றால் ஊருக்கே திறந்தது. தனி என்றால் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும். இந்தப் பட்டியலில்தான் வம்பு. கிரகப்பிரவேசத்தன்று ஆசையாக உட்கார்ந்து பட்டியல் எழுதுவார்கள், அப்புறம் அதைத் திரும்பிப் பார்க்க நாதி இருக்காது. விவாகரத்தாகிப் போன மாப்பிள்ளைக்குக் கதவு திறக்கும். வந்து ஒரு வருடமான மருமகளுக்குத் திறக்காது. மூன்று வருடத்துக்கு முன்னால் குளித்தலையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். அவருடைய பட்டியலில் இருந்த ஒரே பெயர் காலமாகிவிட்ட அவர் மனைவியுடையது. வீடு பாவம், அந்த அம்மாளுக்கே திரும்பத் திரும்பச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சாயங்காலம் கதவை உடைத்து அவரைத் தூக்கினார்கள்.

அந்தச் செய்தியைப் படித்த மறுநாள்தான் நப்பின்னை தன் யோசனையைக் கொண்டுவந்தாள். குழுவிலேயே வயதில் சிறியவள், சேலத்துக்காரி, அவள் எழுதும் நிரல் சோறு வடித்த மாதிரி பிசிறில்லாமல் இருக்கும். இரண்டு காவல்சொற்களைப் புதிதாகச் சேர்க்கலாம் என்றாள். நம், எங்கள்.

"இங்கிலீஷ்காரனுக்கு ரெண்டுக்கும் ஒரே சொல்லுதான் சார். நம்மகிட்ட ரெண்டு இருக்கு. கேக்குறவரைச் சேர்த்துக்கிட்டா நாம. ஒதுக்கிட்டா நாங்க. காவல்சொல்லை எத்தனை காலமா வாயிலேயே வச்சுக்கிட்டு, மெனக்கெட்டுப் பட்டியல் எழுதிக்கிட்டு இருக்கோம்" என்றாள்.

அவள் திட்டம் எளிமையானது. வீட்டுச் சொந்தக்காரர் பேசுவதை வீடு கேட்டுக்கொண்டே இருக்கும். யாரிடம் அவர் 'நம்ம வீடு, நம்ம கிணறு' என்று பேசுகிறாரோ அவர் உள்ளே. யாரிடம் 'எங்க வீடு, எங்க கிணறு' என்கிறாரோ அவர் வெளியே. சேமிப்பில் இருக்கும் கடந்த ஒரு வருடப் பேச்சையும் அது கணக்கில் எடுக்கும், ஆனால் பழைய பேச்சைவிட அண்மையில் பேசியதற்குக் கனம் அதிகம். உறவு மாறினால் பேச்சு மாறும், பேச்சு மாறினால் கதவு தானாக மாறும். பட்டியலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

பட்டுக்கோட்டை துரைக்கண்ணு எழுந்துவிட்டார். அவருக்கு எந்தப் புதுச் சொல்லைச் சேர்த்தாலும் சொத்தைப் பங்கு கேட்ட மாதிரி இருக்கும். பூட்டு என்றால் திறந்திருக்கும் இல்லையென்றால் பூட்டியிருக்கும், பாதி திறந்த பூட்டு உலகத்தில் உண்டா என்று கேட்டார். பூட்டு இல்லாவிட்டாலும் ஒருக்களித்த கதவு உண்டே என்று நப்பின்னை சொன்னாள். ஒருக்களித்த கதவில்தான் விரல் நசுங்கும் என்றார் அவர். இப்படியே மூன்று வருடம். கடைசியில் ஆதரவு மூன்று, எதிர்ப்பு மூன்று என்று நின்றது. ஏழாவது ஆள் நான்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த நிலைமை பிடித்திருந்தது. கீழே பேக்கரியிலிருந்து ஒரு கட்சி எனக்கு முட்டை பப்ஸ் வாங்கிக்கொடுத்தது, இன்னொரு கட்சி காளான் பப்ஸ். இரண்டையும் சாப்பிட்டுவிட்டு இன்னும் யோசிக்க வேண்டும் என்பேன். தலைவி பெர்னதத் அம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு வழி சொன்னார். ஏழு பேர் வீட்டிலும் பத்து நாள் இந்தப் புதுச் சொற்களை ஓடவிடுவோம், பத்தாம் நாள் ஓட்டு. நடுவில் யாரும் கையை வைத்துத் திருத்தக்கூடாது. பேச்சு வழக்கு அட்டவணையைத் தயாரிக்கும் வேலை எனக்கு. எங்க, எங்கட, எங்களோட எல்லாம் ஒரு வரிசை. நம்ம, நம்மோட, நம்மளோட எல்லாம் இன்னொரு வரிசை. ஒரு வழக்கும் விட்டுப்போகாமல் எழுதினேன் என்று எனக்கு அப்போது பெருமை.

இங்கே என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீடு என்று சொல்வதே தப்பு, அது என் மாமனாருடைய வீடு. கே.கே. நகரில் அவர் மின்சாமான் கடை நடத்திச் சேர்த்துக் கட்டியது. அவர் பெயர் அருளம்பலம். சாவகச்சேரிக்காரர். ஆறு வயதில் அகதியாகத் தாயின் கையைப் பிடித்துப் படகில் வந்து இறங்கியவர், இப்போது எழுபத்தாறு. அவருடைய ஒரே மகள் வதனியைக் கட்டிக்கொண்டு பதினாலு வருடமாக நான் அங்கேதான் இருக்கிறேன். அவர்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருப்பதுதான் வழக்கமாம். எங்கள் பக்கத்தில் அதற்கு வேறு பெயர். அம்பாசமுத்திரத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் என் அண்ணன் பந்தியில் என்னைப் பார்த்து, 'வாரும், வீட்டோட மாப்பிள்ளை' என்று நாலு பேர் கேட்கச் சொல்வான். சிரித்துக்கொண்டே சாப்பிடுவேன். சாப்பாடு இறங்காது.

மாமாவுக்கும் எனக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. நல்ல மனிதர். ஆனால் ஒரு சொல் எனக்குள் முள்ளாக இருந்தது. கல்யாணமாகி வந்த முதல் நாளே புட்டைத் தட்டில் வைத்துவிட்டு, "எங்கட வீட்டுப் புட்டு எப்பிடி, தம்பி?" என்றார். எங்கட கேற்றைச் சாத்தும், எங்கட மாமரம் காய்ச்சிருக்கு, எங்கட தெருவில தண்ணி வரேல்லை. பதினாலு வருடத்தில் ஒரு நாளாவது என்னிடம் 'நம்ம வீடு' என்று சொல்வாரா என்று காத்திருந்தேன். சொல்லவே இல்லை. இதில் கொடுமை, அவருக்கு அந்தச் சொல் தெரியாமல் இல்லை. கேன் தண்ணீர் போடும் சவரிமுத்து வந்தால், "உள்ள வாப்பா, நம்ம வீடுதான்" என்பார். தபால்காரரிடம் நம்ம வீடு. ஓட்டுக் கேட்டு வருகிறவனிடம் நம்ம வீடு. என்னிடம் மட்டும் எங்கட.

இதை நான் வதனியிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் அற்பமாக இருக்கும்.

சோதனை தொடங்கிய அன்று வதனி ஊரில் இல்லை. செவிலியர் பயிற்சி வகுப்பு எடுக்க மதுரைக்குப் போயிருந்தாள், பத்து நாள் கழித்துத்தான் வருவாள். மாமி காலமாகி வெகுகாலம் ஆகிவிட்டதால் வீட்டில் நானும் மாமாவும் மட்டும். முதல் நாள் காலையில் பால் வாங்கிவிட்டு வந்து கதவின் முன் நின்றேன். திறக்கவில்லை. "மன்னிக்கவும், உங்களுக்கு அனுமதி இல்லை" என்று வீடு மரியாதையாகச் சொன்னது. நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி காட்டினேன். மறுபடியும் அதே மரியாதை. எனக்குப் பின்னால் சவரிமுத்து தோளில் கேனோடு வந்தார். கதவு அகலத் திறந்துகொண்டது. "வணக்கம், வாங்க" என்று அவரை வரவேற்றது. அவர் நுழைந்த கையோடு நானும் நுழைந்தேன், சினிமாத் தியேட்டரில் டிக்கெட் இல்லாதவன் நுழைவது போல.

அன்றே அறிக்கையில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. எழுதினால் குழுவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். என் மாமனார் என்னை வெளியாளாக வைத்திருக்கிறார் என்பதை நான் பதினாலு வருடமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு இயந்திரம் ஒரு வருடப் பேச்சைக் கணக்கெடுத்து ஆமாம் என்று முத்திரை குத்திவிட்டது. அதைப் போய் நானே வாசித்துக் காட்டுவதா. நப்பின்னை இரண்டு முறை கூப்பிட்டு எப்படிப் போகிறது என்று கேட்டாள். பிரமாதம் என்றேன். அவள் வீட்டில் எல்லாம் தேன் மாதிரி ஓடுகிறதாம். அவளுடைய மாமியார் அவளிடம் வாய் ஓயாமல் நம்ம வீடு என்கிறாராம், நகை அலமாரிகூடத் திறந்துகொள்கிறதாம். நல்லா இரும்மா என்று போனை வைத்தேன்.

அடுத்த ஐந்து நாள் நான் வாழ்ந்த வாழ்க்கை எதிரிக்கும் வேண்டாம். வெளியே போனால் மணி அடிக்க வேண்டும், மாமா மெல்ல நடந்து வந்து திறப்பார். மருந்து அலமாரி எனக்குத் தலைவலி மாத்திரை தர மறுத்தது. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால் அது வீட்டாருக்கு மட்டும் என்றது. மாமாவுக்கு நான் மணி அடிப்பது வேடிக்கையாக இருந்தது. நீர் எழுதின மொழி உம்மையே உள்ளுக்கு விடுதில்லையோ என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். மனதுக்குள் அழித்து அழித்து ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்த்து ஓட்டுப் போட்டால், உள்ளே விடாத கோபத்தில் போட்டான் என்று ஆகும். ஆதரித்தால், நாடு முழுக்க என்னைப் போல எத்தனை பேர் வாசலில் நிற்பார்கள். ஒதுக்கப்பட்டிருக்கிறோம் என்று தெரியாமலே நிம்மதியாகக் காலம் தள்ளுகிற மனிதர்கள் எத்தனை ஆயிரம். அவர்களுக்கு அதை முகத்துக்கு நேரே சொல்ல ஒரு கதவை நாம் செய்து கொடுக்க வேண்டுமா.

ஏழாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். முன்னறையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் வண்டி கிறீச்சிட்டு நின்றது. சவரிமுத்து ஓடி வந்தார், கதவு தானாகத் திறந்தது, என்னைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனார்.

"சார், என்ன உக்காந்துட்டீங்க. ஐயா பாத்ரூம்ல விழுந்துட்டாராம். வீடு எனக்குச் சொல்லுச்சு" என்றார்.

பத்தடி தூரத்தில் நான் இருக்கிறேன். வீடு நாலு தெரு தள்ளிக் கேன் இறக்கிக்கொண்டிருந்தவருக்குச் சொல்லியிருக்கிறது. குளியலறைக் கதவும் அவருக்குத்தான் திறந்தது. மாமா தரையில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினோம். மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, ரத்த அழுத்த மாத்திரையால் வந்த தலைசுற்றல், எலும்பு முறியவில்லை, கையில் சுளுக்குத்தான் என்று கட்டுப் போட்டுவிட்டுப் போனார். சவரிமுத்து போகவே மனமில்லாமல் வெகுநேரம் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். அவர் தகப்பனாரும் இப்படித்தான் விழுந்தாராம், அன்றைக்கு யாரும் இல்லையாம்.

மதியம் கஞ்சி வைத்துக்கொண்டு போனேன். மாமா ஒற்றைக் கையால் குடித்துவிட்டு, எங்கட வீட்டுக் குளியலறைக்கு ஒரு கைபிடி போட வேணும் என்றார். அந்த எங்கட என் காதில் விழுந்ததும் உள்ளே ஏதோ அறுந்துவிட்டது. நோயாளியிடம் பேசுகிற பேச்சா என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது தோன்றவில்லை.

"மாமா, பதினாலு வருசமா இந்த வீட்டுல இருக்கேன். ஒரு தடவையாவது எங்கிட்ட நம்ம வீடுன்னு சொல்லியிருக்கியளா? கேன் போடுத ஆளுக்கு நம்ம வீடு, தபால்காரருக்கு நம்ம வீடு. எனக்கு மட்டும் எங்க வீடு. அதான் நீங்க விழுந்தது எனக்குத் தெரியல. இந்த வீடு நீங்க பேசுனதைத்தான் கேட்டுச்சு."

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், அவர் முகத்தில் இருந்தது திகைப்பு.

"உமக்கென்ன விசரே? நம்ம எண்டு நான் ஆரிட்டச் சொல்லுறனான்? வெளி ஆக்களிட்ட. கேற்றடியில நிக்கிறவையிட்ட" என்றார்.

பிறகு அவர் சொன்னதை அப்படியே சொல்ல எனக்குத் தெம்பில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். மண்டபம் முகாமிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் நாள் அவர் எங்கட, கதைக்கிறது, ஓம் என்று பேசியிருக்கிறார். வகுப்பே சிரித்தது. சிலோன்காரன் என்று பெயர் வந்தது. அது சிரிப்போடு போகவில்லை. பேச்சைக் கேட்டுவிட்டு வீடு வாடகைக்குத் தர மறுத்தார்கள், வேலை தர மறுத்தார்கள், சாலையில் நிறுத்தி விசாரித்தார்கள். அவருடைய தாய் பிள்ளையை மடியில் உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார். வெளியே போனால் நம்ம என்று சொல், ஆமாம் என்று சொல், வீட்டுக்குள் வந்து உன் பாட்டுக்குக் கதை. அன்றையிலிருந்து எழுபது வருடமாக அவர் வெளியே அந்தத் தமிழைச் சட்டை போல மாட்டிக்கொண்டுதான் போகிறார். கடையில் வாடிக்கையாளரிடமும் அதுதான், பள்ளிக்கூடத்தில் வதனியின் டீச்சரிடமும் அதுதான். சட்டையைக் கழற்றிப் பேசியது தாயிடம், பிறகு மனைவியிடம், பிறகு மகளிடம்.

"எங்கட பாசையில நாங்கள் எண்டா எல்லாரும்தான், தம்பி. கேக்கிறவரும் சேர்த்துத்தான். அதில ஒதுக்கிறதுக்கு ஒண்டுமில்லை. நீர் வந்த அண்டைக்கே எனக்கு வாய் தானாத் திறந்திட்டுது. உம்மோட நான் எப்பவாவது வெளித் தமிழ் கதைச்சனானோ? வீட்டுக்குள்ளயும் வேசம் போடச் சொல்லுறீரோ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பதை எட்டப்போகிறவன், கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். பதினாலு வருடம் ஒவ்வொரு எங்கடவையும் ஒரு அடியாக எண்ணி வைத்திருந்தேனே. அந்த மனிதர் உலகத்திலேயே மூன்று பேருக்கு மட்டும் கொடுத்த ஒன்றை நாலாவதாக எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒவ்வொரு நாளும், புட்டோடும் மாங்காயோடும் சேர்த்து. அதை அவமானம் என்று அட்டவணையில் ஏற்றியவன் யார்? எங்கட என்ற சொல்லை எங்கள் வரிசையில் எழுதினது என் கைதான்.

மாமாவுக்கு என் அழுகை தாங்கவில்லை. கட்டுப் போடாத கையால் என் முதுகைத் தட்டினார். அப்புறம் கதவுக்காக வேண்டுமானால் ஒரு தரம் நம்ம வீடு என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். மீதி மூன்று நாளும் மணி அடித்துத்தான் உள்ளே வந்தேன். அம்பாசமுத்திரத்து அண்ணன் அப்போது என்னைப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவு கம்பீரமாக அடித்தேன். இரவு வதனியிடம் போனில் சொன்னபோது, "ஏங்க, இதையா பதினாலு வருஷம் மனசுல வச்சுக்கிட்டு இருந்தீங்க" என்று கேட்டுவிட்டு அவளும் கொஞ்சம் அழுதாள், பிறகு வெகுநேரம் சிரித்தாள்.

பத்தாம் நாள் மூன்று மணிக்குக் குழு கூடியது. பப்ஸ் தட்டை நானே தள்ளிவைத்துவிட்டு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். என் அட்டவணைப் பிழையையும் சொன்னேன். நப்பின்னை உடனே பேனாவை எடுத்தாள். இதற்கென்ன சார், எங்கட என்பதை அடுத்த வரிசைக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்றாள். ஆகாது என்றேன். அதே மனிதர் கடை வாசலில் நின்று 'எங்க கடை இன்னிக்கு லீவு சார்' என்று நம் வழக்கில் ஒதுக்கிப் பேசுவார், உள்ளே வந்து எங்கட கடை என்று சேர்த்துப் பேசுவார். ஒரே வாய், ஒரே நாள். அதுவும் போக, நம் ஆட்கள் மட்டும் என்ன யோக்கியம். 'நம்ம கடைதான், எடுத்துக்கங்க' என்கிற கடைக்காரர் எதையும் சும்மா கொடுத்துவிடுவதில்லை. மரியாதைக்குச் சொல்கிற நம்ம இருக்கிறது, பயத்துக்குச் சொல்கிற நம்ம இருக்கிறது. சொல்லைக் கேட்கிற வீட்டுக்கு அதைச் சொல்லும்போது மனிதர் என்ன மாட்டிக்கொண்டிருக்கிறார் என்பது தெரியாது.

துரைக்கண்ணு மேசையைத் தட்டி, நான் அன்றைக்கே சொன்னேன் என்றார். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை என்று அவரையும் உட்காரவைத்தேன். குளித்தலை வாத்தியாருக்கு உங்கள் பழைய இரண்டு சொல் என்ன செய்தது. புதுச் சொல் வேண்டும்தான். ஆனால் வீடு ஒட்டுக்கேட்டு முடிவு கட்டக்கூடாது, தெரியாவிட்டால் வாயைத் திறந்து வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும், வருடத்துக்கு நாலு தடவையாவது கேட்க வேண்டும். இப்போது இருக்கிற வடிவத்துக்கு என் ஓட்டு இல்லை என்றேன். பெர்னதத் அம்மாள் நாலுக்கு மூன்று என்று எழுதிக்கொண்டு, கேட்கிற வீட்டுக்குப் புது வரைவு எழுத நப்பின்னையையும் துரைக்கண்ணுவையும் சேர்த்துப் போட்டார். இரண்டு பேர் முகத்தையும் பார்க்க வேண்டுமே.

நப்பின்னை சிறிது நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம், "எங்க மாமியார் எங்கிட்ட நம்ம வீடு நம்ம வீடுன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க சார். இப்ப எனக்கே டவுட்டா இருக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நல்லவேளை, அவளும் சிரித்துவிட்டாள்.

சோதனை நிரல் மாலை ஆறு மணிக்கு எல்லா வீடுகளிலும் தானாக நின்றுவிடும். நான் ஐந்தரைக்கே வீட்டுக்கு வந்தேன். வாசலில் சவரிமுத்து இரண்டு கேன்களைத் தரையில் வைத்துவிட்டு நின்றிருந்தார். மீசை தொங்கிப்போயிருந்தது. என்னைக் கண்டதும் கிட்டே வந்தார்.

"நான் என்ன சார் தப்புப் பண்ணேன்? கதவு தொறக்க மாட்டேங்குது. அனுமதி இல்லைங்குது. நேத்துக்கூட ஐயா நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தாரு."

அவர் சொன்னது சரிதான். விழுந்த நாளிலிருந்து அவர் தினமும் வந்து மாமாவின் கட்டிலருகே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவதை நானே பார்த்திருக்கிறேன். மாமாவின் கைக்கட்டை அவர்தான் அவிழ்த்துக் கட்டினார். ஐயா உங்களிடம் என்ன பேசினார், அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்கள் என்று கேட்டேன். சவரிமுத்து யோசித்தார்.

"அவரு பேச்சே மாறிப்போச்சு சார், பாதி எனக்குப் புரியல. எங்கட வீட்டுக்கு வர உமக்கு நேரம் காலம் பாக்க வேணுமோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம் அப்படின்னாரு. உமக்குங்கிறாரு, போம்ங்கிறாரு. கோவமா இருப்பாரோ?"

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது, ஒன்றும் புரியாமல் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆளுக்கொரு கேனைத் தூக்கிக்கொண்டோம். நான் மணியை அடித்தேன். வீடு எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மன்னிப்புக் கேட்டது. உள்ளே மாமாவின் செருப்புச் சத்தம் மெல்ல மெல்ல வந்து கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

"ஆரது?" என்றார்.

"நாங்கள்தான், மாமா" என்றேன்.